உலு மெராந்தியின் பழைய விலைகள்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
13-9-1925, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்.

நேற்றுச் சனிக்கிழமை வந்த ஆங்கிலப் பத்திரிகையின் ஒன்பதாம் பக்கத்துப் பங்கு விலைப் பட்டியலில், உலு மெராந்தி ரப்பர் கம்பெனியின் பங்குக்கு வாங்குவோர் விலை இரண்டு வெள்ளி முப்பத்தைந்து காசு, விற்போர் விலை இரண்டு வெள்ளி நாற்பத்தைந்து காசு என்று போட்டிருக்கிறது. எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை படித்து முடித்து வைத்த பிரதியில் நானே பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். நீங்கள் போன கடிதத்தில் கேட்டது இதுதானே?

நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் உடம்பும் அண்ணியின் முழங்கால் வலியும் எப்படி இருக்கின்றன என்று எழுதுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அதே பேப்பர்தான் மத்தியான ரயில்ல கிள்ளானுக்கும் போகுது. மச்சான் ஸ்டேஷனுக்கு நடக்கச் சோம்பல்பட்டு, ஸ்டாம்பு ஒட்டி நம்மகிட்ட வேலை வாங்குறாரு" என்றார். நான் உங்கள் பக்கம்தான் பேசினேன். ஆனாலும் காரணம் தெரிந்தால் அவரை மடக்க வசதியாக இருக்கும்.

உங்கள் தங்கை,
புஷ்பவல்லி


கிள்ளான்
20-9-1925

அன்புத் தங்கை புஷ்பவல்லிக்கு, உனக்கும் மாப்பிள்ளை சபாபதிக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும்.

கடிதம் வந்தது. இங்கே பத்திரிகை வருகிறது. கிடங்குத் துரை அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். காரணம் அவ்வளவுதான். உன் எழுத்தும் வரவரப் பொடியாகிறது. பள்ளிக்கூடத்தில் காகிதம் மிச்சம் பிடிக்கச் சொல்லியிருந்தால் அதை என்னிடம் காட்டாதே. எண்களையாவது பெரிதாக எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷக் கடைசியோடு, கிடங்கில் எடை பார்த்துக் கணக்கு எழுதும் நிறுவை கிராணி வேலையை விடுகிறேன். கிடங்கு கொடுத்த வீட்டையும் அப்போது காலி செய்ய வேண்டும். மேரு சாலையில், கடை முதலாளியான ஒரு சீனத் தவுக்கேயின் சிறிய வீடு இருக்கிறது, வாடகை மாதம் பதினான்கு வெள்ளி. நானும் உன் அண்ணியும் அங்கே போகலாம் என்று யோசனை. அதற்கு என்னிடம் இருப்பது உலு மெராந்தியின் பங்குகள் மட்டும்தான்.

உனக்கு முழு விவரமும் தெரியாது. 1907இல் நான் ஜெராம் பக்கத்துத் தோட்டத்தில் கிராணியாக இருந்தபோது, பத்து வெள்ளிப் பங்கு நாற்பது எடுத்தேன். நானூறு வெள்ளியை நான்கு தவணையில் கட்டினேன். 1910இல் விலை இருபத்தாறு வெள்ளிக்குப் போனது. தோட்டத்தில் துரை முதல் ஆஸ்பத்திரி டிரஸர் வரை வேறு பேச்சே இல்லை. நான் விற்கவில்லை. பிறகு விலை இறங்கியதும், மறுபடியும் இருபத்தாறுக்கு வந்தால் விற்பது என்று முடிவு செய்தேன். 1918இல் கிள்ளானுக்கு மாறிய பின் லாபத்தில் பங்காகக் கிடைத்த டிவிடெண்டு வருவதும் நின்றுவிட்டது. ரப்பர் விழுந்த வருஷங்களில் விலையைப் பார்க்கவே மனம் வரவில்லை. இப்போது ரப்பர் ஏறி ஊரெல்லாம் கூத்தாடும்போது உலு மெராந்தி இரண்டு வெள்ளி சொச்சம். பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அது எந்த வருஷம் விழுந்தது, விழுந்த பிறகு எப்படி ஏறிவருகிறது என்று பழைய பட்டியல்களைப் பார்த்துச் சொல்ல முடியுமா? காத்திருப்பதா, கிடைத்ததை வாங்கிக்கொள்வதா என்று அதைக் கொண்டு தீர்மானிப்பேன்.

உன் அண்ணிக்கு முழங்கால் தேவலை.

அன்புடன்,
வேலாயுதம்


பிரிக்பீல்ட்ஸ்
4-10-1925

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். எண்களைப் பெரிதாகவே எழுதியிருக்கிறேன்.

வேலையை விடுவதைப் பற்றி இவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். எங்கள் வீட்டுப் பின்னறை காலியாகத்தான் இருக்கிறது. இதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

பழைய பட்டியல்கள் கிடைத்துவிட்டன. அந்தப் பத்திரிகை ஆபீசில் அச்சுப்பிழை திருத்தும் ஜெயராஜ் என்பவர் உங்கள் மாப்பிள்ளைக்குப் பழக்கம். முதலாளியிடம் கேட்டு, வாரா வாரம் சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் பழைய இதழ்களைப் பார்க்க அனுமதி வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொரு வருஷத்தையும் தனித்தனியாகத் தைத்து, முதுகில் வருஷத்தை எழுதி, கரையான் ஏறாமல் இரும்புச் சட்டத்தில் அடுக்கி வைத்திருக்கிறார். அது அவர் வேலை இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. 1912 கட்டில் இரண்டு நாள் இதழ் குறைந்ததற்கு, அதைத் தானே தொலைத்தவர்போல என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

பட்டியலைப் படிப்பது எப்படி என்பதையும் அவரிடம்தான் கற்றேன். வாங்குவோர் விலை என்பது இவ்வளவுக்குக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னது. விற்போர் விலை என்பது இவ்வளவு கொடுத்தால் தருகிறேன் என்று இன்னொருவர் சொன்னது. இரண்டு பேரும் சந்தித்தால்தான் வியாபாரம். டிவிடெண்டு பிரித்துக் கொடுத்த வாரத்தில் விலை அந்த அளவு இறங்கும், அதைச் சரிவு என்று எண்ணிப் பயப்படக் கூடாது. நான் ஒரு தடவை பயந்துவிட்டேன், அதனால்தான் சொன்னார்.

இனி உங்கள் இருபத்தாறு. 1910 ஏப்ரல் பட்டியலில் இருக்கிறது, ஆனால் அது விற்போர் கேட்ட விலை. வாங்க வந்தவர் சொன்னது இருபத்துநாலரை. பதினைந்து வருஷமாக நீங்கள் காத்திருப்பது, யாரோ ஒருவர் வாய்விட்டுக் கேட்ட விலைக்காக. கோபித்துக்கொள்ளாதீர்கள். மாப்பிள்ளை சொல்லச் சொன்னார்.

ஒவ்வொரு மாதத்திலும் முதல் சனிக்கிழமைப் பட்டியலை மட்டும் எழுதிக்கொண்டு வருகிறேன். எல்லா நாளும் பார்த்தால் எனக்குத் தலை நரைத்துவிடும். நேற்றுவரை 1913 முடிந்திருக்கிறது. 1910 உச்சிக்குப் பிறகு பாதியாக இறங்கியதைத் தவிர, நீங்கள் சொல்லும் பெரிய வீழ்ச்சி எதுவும் இதுவரை இல்லை.

தங்கை,
புஷ்பவல்லி


கிள்ளான்
18-10-1925

அன்புத் தங்கைக்கு, தீபாவளி இங்கே நல்லபடியாகக் கழிந்தது. நீ அனுப்பிய வேட்டியும் சேலையும் வந்தன. உன் அண்ணி சேலையை உடுத்திக்கொண்டு நான்கு வீடு போய்க் காட்டிவிட்டு வந்தாள்.

பேனா முள் கெட்டுவிட்டது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நீ எடுக்கும் சிரமம் பெரியது. இருந்தாலும் வருஷக் கடைசிவரை அதற்காகக் காத்திருக்க முடியாது. பாசார் தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் நஜ்முதீன் என் நிலையைக் கேட்டுவிட்டு, இன்றைய விலை இரண்டு வெள்ளி அறுபது காசுக்குத் தாமே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். தரகருக்குக் கூலி கொடுக்க வேண்டாம். நாற்பது பங்குக்கு நூற்று நான்கு வெள்ளி. ஏழு மாத வாடகை. அதற்குள் வேறு வழி பிறக்கும். வருகிற 29ஆம் தேதி வியாழக்கிழமை பங்குப் பத்திரத்தையும் பெயர் மாற்றும் படிவமான மாற்றுப் பாரத்தையும் அவரிடம் கொடுப்பதாக ஏற்பாடு.

மாப்பிள்ளைக்கு என் அன்பு.

வேலாயுதம்


பிரிக்பீல்ட்ஸ்
25-10-1925

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். போன கடிதத்தில் வரிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருந்தன. நீங்கள் பின்னறையைப் பற்றி எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு வேண்டுகோள். வியாழக்கிழமை பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். இன்னும் ஒரு சனிக்கிழமை மட்டும் பொறுங்கள்.

நேற்று 1919 கட்டைப் பார்த்தேன். மார்ச் 1ஆம் தேதி உலு மெராந்தி வாங்குவோர் விலை பதினாலரை வெள்ளி. ஏப்ரல் 5ஆம் தேதி ஒரு வெள்ளி நாற்பத்தைந்து காசு. ஒரே மாதத்தில் பத்தில் ஒன்றாகியிருக்கிறது. நீங்கள் தேடச் சொன்ன வீழ்ச்சி இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று முதலில் தோன்றியது. ஆனால் அந்த மாதம் வேறு எந்த ரப்பர்ப் பங்கும் விழவில்லை. தோட்டத்தில் தீ, வழக்கு, நோய் என்று ஒரு செய்தியும் இல்லை. புள்ளி இடம் மாறிய அச்சுப்பிழையோ என்று மே மாதத்தைப் பார்த்தேன். அங்கும் ஒன்றரை வெள்ளிதான்.

ஜெயராஜிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, "மாசத்துக்கு ஒரு நாள் பாத்தா, நடுவுல நடந்தது எப்படிங்கம்மா தெரியும்? அடுத்த வாரம் மார்ச் மாசம் முழுக்க எடுத்து வைக்கிறேன், வாங்க" என்றார். சோம்பல் என்னுடையது. அதனால் உங்களுக்கு ஒரு வாரம் தாமதம். பொறுத்துக்கொள்ளுங்கள், அண்ணா.

புஷ்பவல்லி


பிரிக்பீல்ட்ஸ்
1-11-1925

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். அண்ணிக்கும் உங்களுக்கும் சுகம்தானே? பதில் வராததால் என் பேச்சைக் கேட்டுக் காத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். நல்லதாயிற்று.

உலு மெராந்தி விழவே இல்லை.

1919 மார்ச் 29ஆம் தேதிப் பட்டியலில், கம்பெனி பெயருக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு நட்சத்திரக் குறி. பக்கத்தின் அடியில் அதற்கு ஒரு வரி விளக்கம்: பத்து வெள்ளிப் பங்கு ஒவ்வொன்றும் பத்து ஒரு வெள்ளிப் பங்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அந்தக் குறி அந்த ஒரு வாரம்தான் இருந்தது. அடுத்த வாரம் எடுத்துவிட்டார்கள். பட்டியலின் இரண்டாம் கட்டத்தில் பங்கின் முகவிலை பத்திலிருந்து ஒன்றாக மாறியிருக்கிறது. அந்தக் கட்டத்தை நான் ஒரு மாதத்துக்குக்கூட எழுதிக்கொள்ளவில்லை. மாறாத எண் என்று விட்டுவிட்டேன்.

ஆகவே 1919க்கு முந்தைய விலைகளையெல்லாம் பத்தால் வகுத்த பிறகுதான் இன்றைய விலையோடு ஒப்பிட வேண்டும். நேற்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அப்படி வகுத்து முழுப் பட்டியலையும் திருப்பி எழுதி, இத்துடன் வைத்திருக்கிறேன். 1910இல் இருபத்துநாலரை என்பது இன்றைய கணக்கில் இரண்டு வெள்ளி நாற்பத்தைந்து காசு. நீங்கள் காத்திருந்த விலை போன மாதம் வந்து, அதையும் தாண்டிவிட்டது. நேற்றைய வாங்குவோர் விலை இரண்டு எழுபத்தைந்து.

இன்னொன்று. உங்கள் கையில் இருப்பது பத்து வெள்ளிப் பங்கின் பழைய பத்திரம். அதைத் திருப்பி அனுப்பிப் புதியது வாங்கச் சொல்லி, கம்பெனி பங்குதாரர்களுக்கு எழுதியிருக்கும். அந்தக் கடிதம் ஜெராம் முகவரிக்குத்தான் போயிருக்கும். டிவிடெண்டும் அப்படியே. முகவரி மாற்றத்தை அவர்களுக்கு எழுதினீர்களா?

உங்களிடம் இருப்பது நாற்பது இல்லை, அண்ணா. நானூறு. நூற்று நான்கு வெள்ளி இல்லை, ஆயிரத்துக்கு மேல். மாப்பிள்ளை உடனே கணக்குப் போட்டு, "ஆறு வருஷ வாடகை" என்றார். பத்திரத்தைப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டுங்கள்.

புஷ்பவல்லி


கிள்ளான்
4-11-1925

அன்பான புஷ்பாவுக்கு உன் அண்ணி தங்கமணி எழுதுவது. எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை, தப்பு இருந்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் போடுவதுபோல் வட்டம் போடாதே. என் கால் பரவாயில்லை.

உன் இரண்டு கடிதமும் நேற்றுத்தான் படிக்கப்பட்டன. படித்தது நான். முதல் கடிதம் போன திங்கட்கிழமையே வந்தது. உன் அண்ணன் அதைக் கையில் வாங்கி, சன்னல் பக்கம் போய் நின்று, மடித்துப் பெட்டியில் வைத்தார். புஷ்பா என்ன எழுதியிருக்கா என்று கேட்டேன். "எல்லாரும் சொகம்னு எழுதியிருக்கா" என்றார். நேற்று இரண்டாவது கடிதம் கனமாக வந்தது. அதையும் பெட்டியில் வைக்கப் போனபோது நான் பிடுங்கிக்கொண்டேன்.

அவருக்குக் கண் தெரியவில்லை. ஒரு வருஷமாகவே கொஞ்சம் கொஞ்சமாக மங்கி வந்திருக்கிறது. எதிரே புகை மூடினதுபோல இருக்கிறதாம். உன் கடிதத்தைக்கூடப் படிக்க முடியாத அளவு மோசம் என்று எனக்கும் நேற்றுத்தான் தெரிந்தது. ஆகஸ்டில் தராசு முள்ளைத் தப்பாகப் படித்து, நிறுவையில் இரண்டு தடவை பிசகிவிட்டது. துரை நல்லவர், வருஷக் கடைசிவரை இருக்கச் சொன்னார். வேலையை இவராக விடவில்லை. உனக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். "என் கையால வளந்த புள்ள வீட்டுல போயி, அவ குடுக்கற சோத்த உக்காந்து தின்னணுமா?" என்று கேட்டார். அதனால் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பத்திரத்தைப் போன வியாழக்கிழமையே நஜ்முதீன் பாயிடம் கொடுத்தாயிற்று. மாற்றுப் பாரத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. எந்த இடத்தில் போடுவது என்று நான்தான் விரலைப் பிடித்துக் காட்டினேன். நூற்று நான்கு வெள்ளியும் வந்துவிட்டது, தொடவில்லை.

உன் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். நாளைக்கு இருவரும் கடைக்குப் போகிறோம்.

தங்கமணி


கிள்ளான்
8-11-1925

அன்புத் தங்கைக்கு, நான் சொல்ல உன் அண்ணி எழுதுகிறாள். இனி கடிதம் இப்படித்தான் வரும். மறைத்தது தவறு. அதைப் பற்றி நீ எழுத வேண்டாம்.

வியாழக்கிழமை காலை நஜ்முதீன் கடைக்குப் போனோம். நட்சத்திரக் குறி விஷயத்தைச் சொன்னேன். அவர் கடைப்பையனை அனுப்பி இரண்டு கிளாஸ் காப்பி வரவழைத்தார். அது வந்த பிறகுதான், பத்திரமும் பாரமும் தம்மிடம் இல்லை, போன மாதம் 30ஆம் தேதியே கோலாலம்பூரில் உள்ள தம் தரகருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். பிறகு உன் பட்டியலைக் கேட்டார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தார். பல வருஷம் துணியின் அகலத்தை அங்குலம் அங்குலமாக அளந்த விரல். அரை மணி நேரம் ஆனது. இரண்டு பேர் துணி வாங்க வந்தார்கள், கடைப்பையன் பார்த்துக்கொண்டான். நான் கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம் காகிதம் திரும்பும் சத்தம்தான். எனக்கு அவர் முகம் சரியாகத் தெரியாதே. என்ன நினைக்கிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சட்டப்படி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தாலே நானூறு பங்கும் அவருக்குப் போய்விடும்.

கடைசியில் காகிதத்தை மடித்தார்.

"கிராணியாரே, நான் வாங்குனது நாப்பது. ஒரு பங்கு ரெண்டு வெள்ளி அறுவது காசுன்னு பேசி வாங்குனேன். மிச்சம் முந்நூத்தி அறுவது பங்கு, தபால்காரன் வீடு மாறிக் குடுத்த சாமான். அத வச்சிக்கிட்டு நான் எந்த மொகத்தோட கடையத் தொறக்கறது?"

அவரே சிரித்தார். "நீங்களும் பத்திரத்துல எழுதிருக்கறதப் படிக்கல, நானும் படிக்கல. ஒங்களுக்காச்சும் கண்ணு சரியில்ல. எனக்கு என்ன கேடு?"

பிறகு இதை எழுதியது யார் என்று விசாரித்தார். தங்கை என்றேன். "பதினாறு வருசத்து வெலைய ஒரே அளவுக்குக் கொண்டாந்து நிறுத்தியிருக்காங்க. எனக்குத் தெரிஞ்ச தரகர் ஒருத்தர்கூட இதச் செஞ்சதில்ல. ஒங்க தங்கச்சி துணி யாவாரத்துக்கு வந்தா, நான் கடைய மூடிட்டு நாகூருக்குக் கப்பலேறிடறேன்" என்றார். உன் அண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த வரியைத் தடிமனாக எழுதுகிறாள்போல, பேனா கீறும் சத்தம் கேட்கிறது.

தாம் வாங்கியது நாற்பது ஒரு வெள்ளிப் பங்குகள் மட்டுமே என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு கொடுத்திருக்கிறார். இத்துடன் இருக்கிறது. கம்பெனிச் செயலாளரின் அலுவலகம் கோலாலம்பூரில்தான். நீயும் மாப்பிள்ளையும் போய், பாரம் எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரித்து எழுது.

முகவரி மாற்றத்தை எழுதினேனா என்று கேட்டாய். இல்லை. அன்றைக்கு எனக்குக் கண் நன்றாகவே தெரிந்தது.

வேலாயுதம்


பிரிக்பீல்ட்ஸ்
15-11-1925

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் வணக்கம். அண்ணி எழுதியதில் வட்டம் போட எதுவும் இல்லை. எழுத வேண்டாம் என்று நீங்கள் சொன்னதை எழுதவில்லை.

நேற்றுக் காலை பத்தரை மணிக்குச் செயலாளர் அலுவலகத்துக்குப் போனோம். பங்குதாரர் பதிவேட்டைப் பார்க்கும் தலைமை கிராணி எங்களை உட்கார வைத்துப் பேசினார். அவர் சொன்னதை, சொன்ன வரிசையில் எழுதுகிறேன்.

பதிவேட்டில் உங்கள் பெயரில் இருப்பது நானூறு ஒரு வெள்ளிப் பங்குகள். முகவரி ஜெராம். நஜ்முதீன் பாயின் தரகர் மாற்றுப் பாரத்தை இம்மாதம் 2ஆம் தேதி தாக்கல் செய்திருக்கிறார். பதிவு இன்னும் ஆகவில்லை. பாரத்தில் நாற்பது பங்கு என்று எழுதி, கூடவே பழைய பத்து வெள்ளிப் பத்திரத்தை வைத்திருப்பதால், நாற்பதை மாற்றுவதா நானூறை மாற்றுவதா என்று புரியாமல் தனியே எடுத்து வைத்திருக்கிறார்கள். இதை அலுவலகம் தீர்மானிக்க முடியாது, இயக்குநர்கள்தான் தீர்மானிக்க வேண்டும். நஜ்முதீன் பாயின் கடிதத்தைப் படித்துவிட்டு, அந்தக் கிராணி எழுந்து உள்ளே கொண்டுபோய்ச் செயலாளரிடம் காட்டினார். பத்து நிமிஷம் கழித்து வந்து, "வாங்கினவரே இப்படி எழுதிக் குடுத்து நான் பாத்ததில்ல" என்று தமிழில் சொன்னார். அதுவரை ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டிருந்தார்.

1919 முதல் நீங்கள் வாங்காத டிவிடெண்டு நூற்று எண்பத்தெட்டு வெள்ளி அவர்களிடம் இருக்கிறது. அதைக் கொடுக்கவும் இயக்குநர்கள் அனுமதி வேண்டும். கூட்டம் டிசம்பர் 8ஆம் தேதி செவ்வாய்க்கிழமை.

நேற்றைய வாங்குவோர் விலை மூன்று வெள்ளி ஐந்து காசு. இதற்கு மேல் ஏறுமா என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் மாப்பிள்ளை தினமும் கேட்கிறார். என் பட்டியலில் இருப்பது இவ்வளவுதான்: 1910இல் உச்சிக்குப் போன விலை ஆறு மாதத்தில் பாதியாயிற்று. 1921 ஆகஸ்டில், இன்றைய கணக்கில், முப்பத்தெட்டு காசு வரை போனது. ரப்பர் ஏறும்போது இந்தப் பங்கு அதைவிட வேகமாக ஏறுகிறது, இறங்கும்போது அதைவிட வேகமாக இறங்குகிறது. எந்த உச்சியும் ஒரு மழைக்காலம் தாங்கியதில்லை. நாளைக்கு என்ன நடக்கும் என்று இதில் ஒரு வரிகூடக் கிடையாது.

பட்டியலில் இல்லாத ஒன்றையும் கண்டேன். 1907இல் மாதம் ஐம்பது வெள்ளிச் சம்பளத்தில் நானூறு வெள்ளி கட்டியிருக்கிறீர்கள். தவணை கட்டிய அந்த இரண்டு வருஷமும், நான் படித்த பள்ளிக்கூடத்துக்குச் சம்பளத்தை நீங்கள்தான் அனுப்பினீர்கள். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. எதைக் குறைத்துக்கொண்டு அனுப்பினீர்கள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

கண்ணைப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்ட வேண்டும். 21ஆம் தேதி வாருங்கள். மாப்பிள்ளை ஸ்டேஷனுக்கு வருவார்.

புஷ்பவல்லி


கிள்ளான்
29-11-1925

அன்புத் தங்கைக்கு, நாங்கள் 22ஆம் தேதி ராத்திரி சௌகரியமாக வந்து சேர்ந்தோம். கிள்ளானில் நல்ல மழை. உன் அண்ணி கையில் பேனா, நான் நாற்காலியில்.

டாக்டர் சொன்னதைத் துரையிடம் சொன்னேன். வலது கண்ணில் படலம் முற்றிவிட்டது, எடுத்தால் கண்ணாடி போட்டுப் படிக்கலாம், இடது கண்ணை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று. 14ஆம் தேதி திங்கட்கிழமை அறுவை. அதற்குப் பிறகு உன் பின்னறையில் இரண்டு வாரம் இருப்பேன். மூன்றாவது வாரம் இருக்கச் சொல்லாதே.

பங்கு விஷயத்தில் என் முடிவைச் சொல்கிறேன், இயக்குநர்கள் சரி என்று சொன்னால். நாற்பது பங்கு நஜ்முதீனுக்கு, பேசிய விலையான இரண்டு அறுபதுக்கே. இப்போது விலை மூன்றுக்கு மேல் போய்விட்டது, விலையைத் திருத்திக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார். நான் ஒப்பவில்லை. கொஞ்ச நேரம் சண்டை போட்டோம், பிறகு காப்பி குடித்தோம். மிச்சம் முந்நூற்று அறுபதில் இருநூறை உடனே விற்றுவிட வேண்டும், அன்றைய வாங்குவோர் விலை எதுவானாலும். ஒரு மழைக்காலம் தாங்கியதில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை உன் அண்ணியை மறுபடியும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நூற்று அறுபதை வைத்துக்கொள்கிறேன். எந்த விலைக்கு விற்பேன் என்று இந்தத் தடவை முன்கூட்டியே முடிவு செய்து வைக்கப் போவதில்லை. மாதாமாதம் பட்டியல் முழுவதையும் பார்த்துத் தீர்மானிப்போம், முகவிலைக் கட்டத்தையும் சேர்த்து.

தோட்டத்திலும் கிடங்கிலுமாக நிறுவை மேசையில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவன் நான். தராசைத் தொடுவதற்கு முன் அதன் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்ப்பது எங்கள் முதல் வேலை. ஒரு நாள்கூட அதை மறந்ததில்லை. என் சொந்தப் பொருளுக்கு அதைச் செய்யத் தோன்றவில்லை, நீ செய்தாய். இதை உன் அண்ணி எழுத மாட்டேன் என்றாள், வாயால் சொல்ல வேண்டியது என்று. நேரில் சொல்ல எனக்கு வராது, எழுது என்றேன்.

நேற்றுச் செயலாளரிடமிருந்து இந்தக் கிள்ளான் முகவரிக்கே கடிதம் வந்தது. 8ஆம் தேதிக் கூட்டத்தில் என் விஷயம் ஐந்தாவது. முடிவை எழுத்தில் அனுப்புவார்கள், 11ஆம் தேதி வெள்ளிக்கிழமைத் தபாலில் எதிர்பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். நாற்பதை மட்டும் மாற்றினால் வீட்டு முன்பணத்தை உடனே கட்டிவிடலாம். நானூறையும் மாற்றிவிட்டால் நஜ்முதீன் திருப்பி எழுதிக் கொடுப்பார், ஆனால் அதற்கு இன்னும் இரண்டு மாதம் பிடிக்கும். பாரத்தைத் தள்ளிவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மேரு சாலை வீட்டுக்கு வேறொருவர் மூன்று மாத முன்பணத்தோடு வந்திருக்கிறார். நஜ்முதீனின் நூற்று நான்கு வெள்ளியை முடிவு வரும் வரை தொடுவதில்லை என்பதால், தவுக்கேயிடம் நேற்று மாலை நடந்தே போய், விவரத்தைச் சொல்லித் தவணை கேட்டேன். வாசலிலேயே நிற்க வைத்து யோசித்தார். 12ஆம் தேதி சாயங்காலம் கடையடைக்கும் வரை வீட்டை யாருக்கும் கொடுப்பதில்லை, அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை என்றார்.

உன் அண்ணன்,
வேலாயுதம்